உரோமரின் செப்புக் காசும் பெண் தெய்வங்களும்

உரோமப் பேரரசின் வரலாறு நமது பாடசாலைகளில் பெரும்பாலும் படைத்தலைவர்களின் வரலாறாகவும் பேரரசர் வரிசையாகவுமே கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. அந்த வரிசையிற் பெண்கள் இடம்பெறுவது அருமை. இடம்பெற்றாலும் நஞ்சூட்டியவளாகவோ, ஒழுக்கங் கெட்டவளாகவோ, மன்னனைக் கெடுத்தவளாகவோதான் இடம்பெறுவர். தசித்துஸ், சுவெத்தோனியஸ் முதலிய உரோம ஆசிரியர் எழுதிவைத்த பழிச்சொற்களை நாமும் வரலாறென்றே ஏற்றுக்கொண்டோம். ஆயின் அதே பெண்களைப் பற்றி உரோம அரசு வேறொரு சாட்சியத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது. அது ஏட்டில் எழுதப்பட்டதன்று, உலோகத்தில் அடிக்கப்பட்டது. உரோம நாணயங்களில், சிறப்பாக எளிய மக்களின் கையிற் புழங்கிய செம்பு, பித்தளைக் காசுகளில், அரசகுலப் பெண்கள் தெய்வங்களோடு தெய்வங்களாகத் தோன்றுகின்றனர். ஏடு பழிக்கிறது, காசு வணங்குகிறது. இம்முரண்பாடு தற்செயலாக நேர்ந்ததன்று. யாருடைய தேவைக்காக இப்பெண்கள் தெய்வமாக்கப்பட்டனர், அக்காசை உழைத்துப் பெற்ற பெண்ணின் நிலை யாது என்னும் இரு வினாக்களையும் ஒருங்கே எழுப்பினாலன்றி இதன் பொருள் விளங்காது.

முதலிற் காசு முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஒகஸ்தஸ் வகுத்த முறைப்படி ஒரு பொற்காசு 25 வெள்ளித் தெனாரியங்களுக்குச் சமம். ஒரு தெனாரியம் 4 செஸ்தர்த்தியம். ஒரு செஸ்தர்த்தியம் 2 துப்பொந்தியம். ஒரு துப்பொந்தியம் 2 அஸ். செஸ்தர்த்தியமும் துப்பொந்தியமும் பித்தளையால் ஆனவை, அஸ் செம்பு. நாணயவியலார் இவை யாவற்றையும் பொதுவாக வெண்கலக் காசுகள் என்றே வழங்குவர். பொன் நிலக்கிழாரின் பேழையிலும் அரசின் கருவூலத்திலும் உறங்கியது. வெள்ளி படைவீரனின் சம்பளமாயிற்று. ரொட்டிக்கடையிலும் மதுக்கடையிலும் குளிப்பு மண்டபத்திலும் கைமாறியது செம்பே. ஒகஸ்தஸ் காலத்துக் காலாட்படை வீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியம். நாளொன்றுக்குப் பத்து அஸ் அளவில் வரும். கி. பி. 14இல் எல்லைப்புறப் படைகள் கலகஞ் செய்தபோது, தங்கள் உடலுக்கும் உயிருக்கும் நாளொன்றுக்குப் பத்து அஸ்தானா விலை என்று அவ்வீரர் முறையிட்டதாகத் தசித்துஸ் எழுதுகிறார். படைவீரனுக்கே அஸ் கணக்கென்றால் சுமை தூக்கியவனுக்கும் துணி வெளுத்தவளுக்கும் கேட்க வேண்டியதில்லை.

காசின் மேலுள்ள உருவத்தைப் பார்த்தா மக்கள் செலவழிக்கிறார்கள் என்று கேட்போருமுளர். நியாயமான கேள்விதான், நம்முள்ளும் சட்டைப்பையிலுள்ள சதக் காசில் என்ன பொறித்திருக்கிறதென்று உடனே சொல்லக்கூடியவர் சிலரே. ஆனால் பார்த்தவர் பார்த்தாரோ இல்லையோ, அடித்தவர் ஒரு நோக்கத்தோடுதான் அடித்தார். அந்நோக்கத்தை அறிய அக்காசுகள் போதிய சான்று தருகின்றன.

கி. பி. 22, 23ஆம் ஆண்டுகளிலே, திபேரியஸ் பேரரசனாயிருந்தபோது, மூன்று துப்பொந்தியங்கள் வெளியாயின. ஒன்றிலே ஒரு பெண்ணின் முகம். கீழே ‘சலூஸ்’, அதாவது நலம். மற்றொன்றிலே முக்காடிட்ட பெண். ‘பியெத்தாஸ்’, அதாவது தெய்வத்திடமும் குலத்திடமும் கொண்ட பத்தி. மூன்றாவதில் முடியணிந்த பெண். ‘யுஸ்திஸ்யா’, அதாவது நீதி. நலம் என்னும் தெய்வத்தின் முகம் திபேரியசின் தாயும் ஒகஸ்தசின் மனைவியுமான லிவியாவின் முகமே என்று ஆய்வாளர் பலர் கொள்வர். மற்ற இரண்டையும் அவளோடு இணைத்துப் பேசுவோரும் உளர். 22இல் லிவியா கடும் நோயுற்றிருந்தாள் என்பது கருதத்தக்கது. அரசத் தாயின் உடல்நலம் நாட்டின் நலமாகிவிட்டது!

இப்பண்புகள் ஏன் பெண்ணுருக் கொண்டன? இலத்தீன் மொழியில் அச்சொற்கள் பெண்பாற் சொற்கள் என்பது ஒரு விடை. ஆனால் இலக்கணம் மட்டுமே காரணமென்று கூறிவிட முடியாது. நம் மொழியிற் பண்புப் பெயர்கள் அஃறிணை. இருந்தும் நாமும் நீதித்தேவதை என்கிறோம், நிலமகள் என்கிறோம். ஆட்சிப் பொறுப்புக்கு உரிமையில்லாத பெண்ணை ஆட்சியின் சின்னமாக்குவதில் ஆளுவோருக்கு ஒரு வசதி உண்டு. உரோமப் பெண் வாக்களிக்க முடியாது. செனற் சபையில் அமர முடியாது. எந்தப் பதவியையும் வகிக்க முடியாது. ஆகவே அவள் உருவம் எந்தப் பொருளை ஏற்றினாலும் ஏற்றுக்கொள்ளும் வெற்றிடமாயிற்று.

அவள் ஏற்ற முதற்பொருள் வாரிசுரிமை. திபேரியஸ் ஒகஸ்தசின் சொந்த மகனல்லன், தத்துப் பிள்ளை. அவனை ஒகஸ்தசோடு இணைத்த கண்ணி லிவியாவே. அவள் 29இல் இறந்தபோது அவளுக்குத் தெய்வப் பதவி வழங்கத் திபேரியஸ் இணங்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 42இல், அவளுடைய பேரனான குளோடியஸ் அவளைத் தெய்வமாக்கினான். அவன் வெளியிட்ட துப்பொந்தியத்தின் ஒருபுறம் தெய்வமான ஒகஸ்தஸ். மறுபுறம் தானியக் கதிரும் தீவட்டியும் ஏந்தி, தானியத் தெய்வமாகிய செரேசைப் போல வீற்றிருக்கும் லிவியா. குளோடியசின் உடலில் ஒகஸ்தசின் குருதி இல்லை. பாட்டி தெய்வமானால் பேரனின் முடிக்கு வேறு நியாயம் வேண்டுமோ? லிவியாவின் தெய்வப் பிறப்பு லிவியாவுக்காக நிகழ்ந்ததன்று.

இவ்விருவருக்கும் இடையில் ஆண்ட கலிகுலாவின் காசுகள் இன்னும் வெளிப்படையானவை. அவன் தாய் அக்கிரிப்பினா திபேரியஸ் ஆட்சியில் நாடு கடத்தப்பட்டு 33இல் தீவொன்றிற் பட்டினியால் மாண்டவள். மகன் 37இல் முடிசூடியதும் அவள் முகம் பொறித்த செஸ்தர்த்தியம் வெளிவந்தது. மறுபுறம் கோவேறு கழுதைகள் இழுக்கும் மூடுதேர், அவளுடைய நினைவுக்கு என்னும் எழுத்தோடு. அதே காலத்தில் வந்த மற்றொரு செஸ்தர்த்தியத்தில் அவனுடைய சகோதரியர் மூவரும் நிற்கின்றனர். அக்கிரிப்பினா தூணிற் சாய்ந்து நிற்கும் ‘பாதுகாப்பு’. துருசில்லா படையற் கிண்ணம் ஏந்திய ‘ஒற்றுமை’. யூலியா சுக்கான் பிடித்த ‘நற்பேறு’. மூவர் கையிலும் வளக்கொம்பு. பக்கத்தில் அவரவர் பெயர். துருசில்லா 38இல் இறந்தாள். எஞ்சிய இருவரையும், பாதுகாப்பையும் நற்பேற்றையும், 39இல் சதிக்குற்றஞ் சாட்டி அண்ணனே தீவுக்குக் கடத்தினான். காசுகள் மட்டும் சந்தையிற் சுற்றிக்கொண்டிருந்தன.

இனி அக்காசைச் சந்தையிலே பின்தொடர்வோம். 79இல் வெசூவியஸ் எரிமலை பொம்பேயி நகரைச் சாம்பலில் மூடியதனால் அந்நகரின் சுவர்க் கிறுக்கல்கள் ஆயிரக்கணக்கில் நமக்குக் கிடைத்துள்ளன. எந்த மதுக்கடையில் ஓர் அஸ்ஸுக்கு என்ன மது, இரண்டு அஸ்ஸுக்கு என்ன மது என்று அவை கூறும். பெண்களின் பெயர்களையும் கூறும்; பெயருக்கருகே விலையையும் கூறும். மிகப் பல இடங்களில் அவ்விலை இரண்டு அஸ். பெயர்களுட் பல கிரேக்கப் பெயர்கள். அடிமைகளுக்கு அத்தகைய பெயரிடுதல் உரோமர் வழக்கம். அடிமையின் சம்பாத்தியம் உடையவனுக்கே சேரும். இரண்டு அஸ் என்பது ஒரு துப்பொந்தியம். வெண்கலக் காசுகள் அடித்த பின்னும் பல பத்தாண்டுகள் புழங்கியவை. ஆகவே நலம், பத்தி, நீதி என்று பெண்முகம் பொறித்த அதே காசு ஒரு பெண்ணின் உடலுக்கு விலையாக எண்ணி வைக்கப்பட்டிருக்கக் கூடும் என்பது வெறுங் கற்பனையன்று. சகோதரியரைத் தெய்வங்களாக நிறுத்திய கலிகுலாவே, விலைமகளிர் ஒவ்வொருவரும் ஒரு சேர்க்கைக்குப் பெறுந் தொகையை வரியாகக் கட்டவேண்டும் என்று விதித்தவன் என்பதைச் சுவெத்தோனியஸ் பதிவு செய்துள்ளார். ஒரே கருவூலம், ஒரே காசு.

நீரோ 64ஆம் ஆண்டளவில் வெளியிட்ட செஸ்தர்த்தியம் ஒன்று உரோமச் சிற்பிகளின் கைத்திறனுக்கு நல்ல எடுத்துக்காட்டு. செரேஸ் கதிரேந்தி அமர்ந்திருக்கிறாள். அவள் முன்னே வளக்கொம்போடு நிற்பவள் அன்னோனா, ஆண்டுத் தானிய வருகையின் தெய்வம். இருவருக்கும் நடுவே பீடத்தின்மேல் தானியம் அளக்கும் மரக்கால்; பின்னணியிற் கப்பலின் பின்பகுதி. பசித்தவன் கையிலிருக்கும் காசு, உனக்குச் சோறிடுபவர் யார் தெரிகிறதா என்று கேட்கிறது. அந்தக் கப்பல் எகிப்திலிருந்தும் வட ஆபிரிக்காவிலிருந்தும் வந்தது. அங்கே வயலில் நின்ற குடியானவனுக்கும் அவன் மனைவிக்கும் இப்படத்தில் இடமில்லை. உரோமாபுரியில் இலவசத் தானியம் பெற்றோர் ஒகஸ்தஸ் காலத்தில் ஏறத்தாழ 200,000 பேர். இவர்கள் ஆண் குடிமக்கள். தானியத்தை அருளும் தெய்வங்கள் இருவரும் பெண்கள். பங்குப் பட்டியலிற் பெண்ணுக்குப் பெயரில்லை.

பெண்ணுருவம் எப்போதும் வளக்கொம்பு ஏந்தித்தான் வருமென்று எண்ணிவிடலாகாது. 70இல் எருசலேம் வீழ்ந்தது. மறு ஆண்டில் வெஸ்பாசியன் வெளியிட்ட செஸ்தர்த்தியங்களிற் பேரீச்ச மரமொன்றின் கீழ் ஒரு பெண் தலையைக் கையில் ஏந்தி அமர்ந்து அழுகிறாள். சில காசுகளில் அவள் பின்னே ஈட்டி பிடித்த உரோமன் நிற்கிறான். வேறு சிலவற்றிற் கைகள் பின்கட்டப்பட்ட ஆண் கைதி. ‘யூதேயா பிடிக்கப்பட்டது’ என்பது எழுத்து. வென்ற நாட்டின் நலம் பெண். தோற்ற நாட்டின் அவலமும் பெண். அடிமைச் சந்தையில் விற்கப்பட்ட யூதப் பெண்கள் எத்தனை பேர் தம் விலையாக எண்ணப்பட்ட காசுகளில் இவ்வுருவத்தைக் கண்டிருப்பார்களோ!

இரண்டாம் நூற்றாண்டிலேதான் பேரரசிகளின் வெண்கலக் காசுகள் மிகப் பெருகின. இதற்குப் பௌஸ்தினா என்ற பெயருடைய இருவர், தாயும் மகளும், முதற் காரணம். தாய் 140இல் இறந்ததும் கணவன் அந்தோனினஸ் பியுஸ் அவளைத் தெய்வமாக்கி அவள் பெயரால் ஏராளமான காசுகளை வெளியிட்டான். மகள் மார்க்கஸ் ஒரேலியசின் மனைவி. தத்துவப் பேரரசன் என்று நமது ஆசிரியர்கள் போற்றும் அதே ஒரேலியஸ். அவள் காசுகளில் அடிக்கடி வருந் தெய்வம் ‘பெக்குந்தித்தாஸ்’, மகப்பேற்று வளம். ஒரு செஸ்தர்த்தியத்தில் அத்தெய்வம் இரு கைகளிலும் இரு குழந்தைகளைத் தாங்கி நிற்க, இருபுறமும் இரு குழந்தைகள் நிற்கின்றன. 161இல் இரட்டையர் பிறந்தபோது, அரியணைமேல் இரு சிசுக்கள் அமர்ந்திருக்குங் காசு ‘காலத்தின் இன்பம்’ என்ற எழுத்தோடு வந்தது.

பௌஸ்தினா பெற்ற பிள்ளைகள் பத்துக்கு மேல். அந்த இரட்டையருள் ஒருவன் நான்கு வயதில் இறந்தான். 180இல் ஒரேலியஸ் இறந்தபோது ஆண்மக்களில் எஞ்சியவன் கொம்மொடுஸ் ஒருவனே. பேரரசனின் மாளிகையில், மருத்துவர் சூழ இருந்த தாய்க்கே இக்கதி. மகப்பேற்றைத் தெய்வமாக்கிய காசு, அம்மகவுகளைப் புதைத்த கைகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மகப்பேற்றுப் புகழ்ச்சியின் அடியிலே சொத்துரிமை கிடக்கிறது. கி. மு. 18இலும் கி. பி. 9இலும் ஒகஸ்தஸ் இயற்றிய சட்டங்கள், மணமாகாதோரின் வாரிசுரிமையைக் குறைத்தன. மூன்று பிள்ளை பெற்ற சுதந்திரப் பெண் ஆண் பாதுகாவலனின்றித் தன் சொத்தைத் தானே ஆளலாம் என்றன. விடுதலை பெற்ற அடிமைப் பெண்ணாயின் நான்கு பெறவேண்டும். தன் உடைமைமீது தனக்குள்ள உரிமையைப் பெண் பிரசவ வலியால் விலைகொடுத்து வாங்கவேண்டியிருந்தது. அடிமைப் பெண்ணுக்கோ அதுவுமில்லை. அவள் வயிற்றிற் பிறந்தது ஆண்டானின் உடைமை. முதலாம் நூற்றாண்டிற் பண்ணைத் தொழில் பற்றி எழுதிய கொலுமெல்லா, மூன்று ஆண்மக்களைப் பெற்ற அடிமைத் தாய்க்கு வேலையிலிருந்து ஓய்வும், அதற்கு மேற் பெற்றவளுக்கு விடுதலையும் தாம் அளித்ததாகக் கூறுகிறார். இதை அவர் இரக்கமென்று சொல்லவில்லை. பண்ணை பெருகும் வழியென்றே சொல்கிறார். பேரரசியின் காசும் பண்ணையாரின் கணக்கும் ஒரே மொழி பேசுகின்றன.

இக்காசுகளுக்கு வேண்டிய செம்பு எங்கிருந்து வந்தது? ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் சைப்பிரஸ் தீவிலும் இருந்த சுரங்கங்கள் அதில் ஒரு பெரும் பங்கைத் தந்தன. தென் போர்த்துக்கலில் அல்யுஸ்த்ரெல் என்று இன்று வழங்கும் ஊரில், அக்காலத்து விப்பாஸ்கா, செம்பும் வெள்ளியும் எடுத்த அரசச் சுரங்கம் ஒன்றிருந்தது. அச்சுரங்கக் குடியிருப்பின் விதிகளைப் பொறித்த வெண்கலத் தகடுகள் இரண்டு, 1876இலும் 1906இலும் அங்கே கிடைத்தன. அவை இரண்டாம் நூற்றாண்டுக்குரியன. செருப்புத் தைப்பவர், முடிவெட்டுவோர், பள்ளி ஆசிரியர் ஆகியோரைப் பற்றியெல்லாம் அங்கே விதியுண்டு. குளிப்பு மண்டபம் பற்றிய விதி எனக்கு மிக முக்கியமாகப்படுகிறது. சூரியோதயம் முதல் ஏழாம் நாழிகை வரை பெண்களுக்கு; எட்டாம் நாழிகை முதல் இரவு இரண்டாம் நாழிகை வரை ஆண்களுக்கு. கட்டணம்: ஆணுக்கு அரை அஸ், பெண்ணுக்கு ஓர் அஸ். ஏன் இருமடங்கு என்பதற்குத் தகட்டிற் காரணமில்லை. விதிப்பவன் காரணஞ் சொல்லத் தேவையுமில்லை. பௌஸ்தினாவின் முகம் பொறித்த செப்பு அஸ்கள் பேரரசெங்கும் புழங்கிய நூற்றாண்டு அது. சுரங்கப் புழுதியைக் கழுவ வந்த பெண், தெய்வமாகிய பெண்ணின் முகத்தைக் கொடுத்து, ஆண் கொடுத்ததில் இருமடங்கு கொடுத்து, உள்ளே போனாள்.

கொம்மொடுசின் மனைவி கிறிஸ்பினாவின் காசுகளில் ‘ஒற்றுமை’ கைகோத்து நின்றது. அவள் கப்ரித் தீவுக்குக் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். இத்தகைய உதாரணங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். அவற்றை விடுத்து, காசே நோயுற்ற காலத்துக்கு வருவோம்.

மூன்றாம் நூற்றாண்டில் ஓயாத போர்ச் செலவுக்காகப் பேரரசர் வெள்ளிக் காசிற் செம்பைக் கலந்துகொண்டே போயினர். கல்லியெனுஸ் ஆட்சி முடிந்த 268ஆம் ஆண்டளவில், வெள்ளிக் காசென்று வழங்கியதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இருக்கவில்லை. அதன்மேல் அவன் மனைவி சலோனினாவின் முகமும், யூனோ, வீனஸ், கற்பு ஆகிய தெய்வங்களும் முன்போலவே வந்துகொண்டிருந்தன. உரோமாபுரியின் முதல் நாணயச் சாலை யூனோ மொனேத்தா கோயிலை ஒட்டி இருந்தது. ‘மணி’ என்னும் ஆங்கிலச் சொல் அப்பெயரிலிருந்தே பிறந்தது. 300ஆம் ஆண்டையொட்டி டயோகிளேசியன் வெளியிட்ட பெரிய செப்புக் காசுகளில் இந்த மொனேத்தா தராசும் வளக்கொம்பும் ஏந்தி, ‘புனித நாணயம்’ என்ற பட்டத்தோடு நிற்கிறாள். வெள்ளிப்பூச்சு உரிந்ததும் கீழே செம்பு தெரிந்தது. 301இல் விலைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. அவ்வாணைப்படி பண்ணைக் கூலியாளின் நாட்கூலி, உணவு நீங்கலாக, 25 தெனாரியம்; ஒரு படை மரக்கால் கோதுமை 100 தெனாரியம். விலையேற்றத்துக்குக் காரணம் வணிகரின் பேராசையென்று ஆணையின் முன்னுரை இடித்துரைக்கிறது. மீறினால் மரணதண்டனை என்கிறது. தராசு பிடித்த தெய்வத்தின் கையிற் காசின் எடை குறைந்ததைப் பற்றி அங்கே பேச்சில்லை.

நான்காம் நூற்றாண்டிற் பேரரசு கிறித்தவத்தை அணைத்துக்கொண்டபோதும் இவ்வழக்கம் மாறவில்லை. கொன்ஸ்தந்தீனின் தாய் ஹெலனா, சத்திரத்தில் வேலைசெய்த பெண் என்று திருச்சபை ஆசிரியர் அம்புறோஸ் கூறுகிறார். அவள் காசில் ‘அரசின் பாதுகாப்பு’ மரக்கிளை ஏந்தி நிற்கிறது. கொன்ஸ்தந்தீனின் மனைவி பௌஸ்தாவின் சிறு செப்புக் காசுகளில், இரு சிசுக்களை அணைத்த தாயுருவம் ‘அரசின் நம்பிக்கை’ என்ற எழுத்தோடு வருகிறது. 326இல் கணவனின் ஆணையால் அவள் கொல்லப்பட்டாள். அவ்வாண்டோடு அவள் காசுகள் நின்றுவிட்டன. அவள் பெற்ற மூவர் பின்னர் பேரரசராயினர்.

உரோமக் காசின் வழி கடல் கடந்து நமது தீவுக்கும் வந்தது. ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்தர்த்தியம் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் அரேபியாவுக்கும் போகிறதென்று கணக்கிட்ட பிளினி, ஆடம்பரமும் பெண்களும் நமக்கு இவ்வளவு செலவு வைக்கிறார்கள் என்று குறைப்படுகிறார். மிளகும் முத்தும் பட்டும் விற்றுக் கொழுத்த வணிகர் கூட்டத்தை அவர் குறைகூறவில்லை. அதே பிளினி இலங்கை பற்றி ஒரு செய்தி தருகிறார். குளோடியஸ் காலத்தில், அன்னியஸ் புளொக்காமஸ் என்பவனிடமிருந்து விடுதலை பெற்ற அடிமையொருவன் காற்றால் அலைக்கப்பட்டு இத்தீவை அடைந்தான். அவனிடமிருந்த தெனாரியங்களிற் பலவேறு தலைகள் பொறித்திருந்தும் எடை ஒன்றாகவே இருந்ததைக் கண்டு நம் அரசன் வியந்தானாம். கதை எவ்வளவுக்கு உண்மையோ, அரசன் முகத்தைப் பார்க்கவில்லை, எடையைப் பார்த்தான்.

இத்தீவில் மிகுதியாகக் கிடைத்திருப்பவை அந்தப் பழைய தெனாரியங்களல்ல. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் சிறு செப்புக் காசுகள். மாந்தையிலும் சிகிரியாவிலும் மாத்தறைப் பகுதியிலும் இவை கிடைத்துள்ளன. விரல் நுனியளவே உள்ள இக்காசுகளுட் சிலவற்றில் விக்தோரியா என்னும் வெற்றித் தெய்வம் கைதியொருவனை மயிரைப் பற்றி இழுத்துச் செல்கிறாள். எழுத்து, பழைய அதே ‘அரசின் நலம்’. இங்கே அவற்றை வாங்கிய மீனவனுக்கோ வணிகனுக்கோ அவ்வெழுத்தும் புரியவில்லை, அந்த அரசும் எட்டவில்லை. சில்லறைக்குப் பயன்பட்டதனால் வைத்துக்கொண்டான். அவ்வாறு வைத்துக்கொள்ளப் போதியளவு கிடைக்காதபோது இங்குள்ள கம்மாளரே அவற்றைப் போன்று வார்த்தனர். கந்தரோடையிலும் அனுராதபுரத்திலும் கிடைத்த, இரு யானைகள் நீராட்டத் தாமரைமேல் நிற்கும் இலக்குமித் தகடுகளை இவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். அவை காசா காணிக்கையா என்பதில் ஆய்வாளர் ஒருமனப்படவில்லையெனினும், கம்மாளன் தானறிந்த தெய்வத்தை அவற்றிற் கோடு பிசகாமல் வடித்திருக்கிறான். உரோமக் காசைப் போன்று அவன் செய்தவற்றிலோ, பேரரசனின் பெயர் வெறும் கோடுகளும் புள்ளிகளுமாய் நிற்கிறது.